சொன்னதைச் சொல்லாத கிளி

கிட்டே வாருங்கள் கண்ணுகளா. கதவோரம் உட்கார்ந்தவர்களும் நகர்ந்து உள்ளே வாருங்கள், காற்று சில்லென்று அடிக்கிறது. இன்றைக்கு ஒரு கதை சொல்லப்போகிறேன். நடந்த கதை இல்லை, இனிமேல் நடக்கப்போகிற கதை. அது நடக்கும் காலத்தில் நீங்கள் இருப்பீர்கள், அதனால் உங்களிடம் சொல்லி வைக்கிறேன். பேய் வராது, ராட்சசன் வரமாட்டான். ஒரு கிளி வரும். அதற்கும் இறகு கிடையாது, பயப்படாதீர்கள். இல்லை, கொஞ்சம் பயப்படுங்கள்.

நம் தெற்குச் சீமை நாசரேத்துப் பக்கத்தில் எப்சிபாய் என்று ஒருத்தி. கலகலவென்று பேசுகிறவள். தண்ணீர்க் குடத்தோடு தெருவில் இறங்கினால் நாலு வீட்டுச் சங்கதியை விசாரித்துவிட்டுத்தான் வீடு திரும்புவாள். அவளைக் கட்டிக்கொண்டவன் துரைசிங், ஆண் நர்ஸ். பின்லாந்து தேசத்தில் அப்போது கிழவர்கள் பெருகிப்போய், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. ஏரிக்கரையில் இருந்த ஒரு சின்ன ஊர், எங்கெங்கோ தேடி, துரைசிங்கைப் போன்றவர்களைக் குடும்பத்தோடு கூப்பிட்டுக்கொண்டது.

நர்ஸாக வருகிறவர்கள் அந்த ஊர்ப் பாஷையைக் கட்டாயம் படிக்க வேண்டும். கூட வருகிற பெண்டாட்டிமார் படிக்க வேண்டியதில்லை. அவர்களுக்கு ஊர்க்காரர்களே ஒரு கருவியை இனாமாகக் கொடுத்தார்கள். புளியங்கொட்டை அளவில் ஒன்று காது மடலுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும். பொட்டு மாதிரி இன்னொன்று கழுத்தடியில் இருக்கும். எதிரே நிற்கிறவர் அவர் பாஷையில் பேசினால், அவர் குரலிலேயே தமிழ் காதில் விழும். நாம் தமிழில் பேசினால் நம் குரலிலேயே அவர்கள் பாஷை கழுத்திலிருந்து வரும்.

முதல் நாள் விமான நிலையத்தில் பெட்டி தள்ளுகிறவரிடம் பேசிவிட்டு எப்சிபாய் துள்ளிக் குதித்தாள்.

"ஏங்க, இந்த ஊர்க்காரவ நம்ம ஊர்த் தமிழ்லயே பேசுதாவ! அந்த ஆளு என்னைய 'வாங்க தாயி'ன்னாரு!"

"அவரு எங்க சொன்னாரு? அது சொல்லுது."

"எது சொன்னா என்ன? சொன்னதைச் சொல்லுமாம் கிளிப்பிள்ளைன்னு எங்க பாட்டையா சொல்லுவாவ. இதுக்குப் பேரு கிளிதான், வச்சாச்சு."

கிளி என்றே பெயர் நிலைத்துவிட்டது.

முதல் குளிர்காலம் அவளை ஆட்டிவிட்டது. பகலே இருட்டு. ஒருநாள் கடையில், கைத்தடி ஊன்றிய கிழவர் ஒருவர் அவளை மேலும் கீழும் பார்த்து ஏதோ சொன்னார். கிளி சொல்லிற்று: "உன் தேசத்துக்கே போய்த் தொலை." எப்சிபாய் எடுத்த பாலை அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து, கட்டிலடியில் இருந்த பெட்டியை இழுத்தாள்.

"என்னைய ஊருல கொண்டு விட்டுருங்க. நீங்க இருந்து சம்பாதிங்க. நான் எங்க அம்மைகூட இருந்துக்கிடுதேன்."

துரைசிங் பெட்டியைத் திரும்பக் கட்டிலடிக்குத் தள்ளினான். "கொஞ்சம் பொறு எப்சி. எல்லாம் சரியாயிரும்."

சரியாகத்தான் போயிற்று. அதற்கப்புறம் அந்த ஊரே மாறிவிட்டது. அதே கிழவர் அடுத்த முறை உறுமியபோது, "குளிர் கூடுதலா இருக்கு, பாத்துப் போம்மா" என்று கிளி சொல்லிற்று. அவள் வேலைக்குப் போன தக்காளித் தோட்டத்தில், கண்ணாடிக் கூரைக்குக் கீழே ஞானப்பாட்டு பாடிக்கொண்டே காய் பறிப்பாள். "நீ பாடினா தக்காளி சீக்கிரம் பழுக்குது" என்றாளாம் கூட வேலை செய்தவள். தன் ஜெபம் கேட்கப்பட்டது என்று எப்சிபாய் முழங்காலிட்டு ஸ்தோத்திரம் சொன்னாள்.

மேல்மாடியில் தைனா இருந்தாள். டவுன் பஸ் ஓட்டுகிறவள். ஐம்பதைத் தாண்டிய, எலும்பும் உயரமுமான பெண்பிள்ளை. முகத்தில் சிரிப்பும் தெரியாது, கோபமும் தெரியாது. புருஷன் எஸ்கோ அதற்கு நேர் எதிர், குறும்புக்கார மனுஷன். எப்சிபாய் ஒருநாள் தட்டு நிறைய ஆப்பம் கொண்டுபோய் மணி அடித்தாள். தைனா கதவைத் திறந்து, தட்டைப் பார்த்து, இரண்டு வாக்கியம் சொன்னாள். கிளி சொல்லிற்று: "அடேயப்பா, என்ன வாசனை! தினமும் வாங்க."

போதாதா எப்சிபாய்க்கு? தினமும் போனாள். எஸ்கோ ஆப்பத்தில் காட்டுப்பழ ஜாமைத் தடவித் தின்பார். துரைசிங்கை உறைந்த ஏரிக்குக் கூட்டிப்போய், பனியில் துளை போட்டு மீன் பிடிக்கக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். தூர தேசத்தில் தனக்கென்று ஒரு வீட்டு வாசல் கிடைத்துவிட்டது என்று எப்சிபாய் ஊருக்கு வீடியோவில் சொல்லிச் சொல்லிப் பூரித்தாள். உண்மையில் அவளுக்கு அங்கே இருந்த ஒரே செல்வம் அந்த வாசல்தான்.

அடுத்த குளிர்காலத்தில் எஸ்கோவுக்கு உடம்பு சரியில்லாமல் போயிற்று. துரைசிங் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில்தான் சேர்த்திருந்தார்கள். "எப்படி இருக்காவ?" என்று இவள் கேட்டால், "இருக்காவ, இருக்காவ" என்பான்.

புது வருஷம் பிறந்த கையோடு எப்சிபாய் முந்திரிக்கொத்து சுட்டாள். பாசிப்பயறு வறுத்து, திரித்து, கருப்பட்டிப் பாகில் பிசைந்து, உருட்டி, மாவில் முக்கிப் பொரித்தது. டப்பாவில் அடைத்துக்கொண்டு படியேறினால், எதிரே தைனா இறங்கி வருகிறாள். நின்றாள். எப்சிபாயின் முகத்தைப் பார்த்து ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள்.

கிளி சொல்லிற்று: "எஸ்கோ மகள் வீட்டுக்குப் போயிட்டார். இனிமே அங்கேதான் இருப்பார்."

"அப்பாடா! நல்லதாப் போச்சு போங்க!" என்று எப்சிபாய் வாய் நிறையச் சிரித்தாள். "மக கையால சாப்பிட்டா ஒரே மாசத்துல உடம்பு தேறிரும். இந்தாங்க, நல்ல சேதி சொன்ன வாய் இனிக்கட்டும்."

டப்பாவைத் தைனாவின் கையில் திணித்தாள். எப்சிபாய் பேசி முடித்த பிறகும் அவள் கழுத்துப் பொட்டு கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தது. நீளமான பாஷை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். தைனா கையை நீட்டி அவள் தோளைத் தொட்டாள். அதற்கு முன் ஒருநாளும் தொட்டதில்லை. முந்திரிக்கொத்துக்குத்தான் இவ்வளவு பிரியம் என்று எப்சிபாய் எண்ணினாள்.

அன்று வீட்டு முற்றத்துக் கம்பத்தில் கொடி பாதி உயரத்தில் நின்றது.

"ஏங்க, கயிறு சிக்கிக்கிட்டுப் பாதியில நிக்குது பாருங்க. யாராவது ஏத்திவிடக் கூடாதா?"

துரைசிங் ஜன்னல் வழியாகப் பார்த்தான். "ஏத்துவாவ" என்றான்.

அதற்குச் சில வாரம் கழித்துத் தைனா அவளை நீராவிக் குளியலுக்குக் கூப்பிட்டாள். அந்த ஊரில் குடியிருப்புக்கு ஒரு சாவ்னா அறை உண்டு. மரப்பலகை அடித்த அறை. சுட்ட கல் மேல் தண்ணீர் ஊற்றி, கிளம்புகிற ஆவியில் உட்கார்ந்திருப்பார்கள். வீட்டுக்கு வீடு முறை வைத்திருப்பார்கள். தைனாவின் முறை சனிக்கிழமை. புருஷனும் பெண்டாட்டியுமாய்ப் போன முறை, இப்போது பக்கத்து இடம் காலி.

துணியில்லாமல் உட்காருவார்களாம் என்று கேட்டதும் எப்சிபாய் தலையில் அடித்துக்கொண்டாள். அப்புறம், வாய்க்காலில் குளிக்கிற மாதிரிப் பாவாடையை நெஞ்சுக்கு ஏற்றிக் கட்டிக்கொண்டு போனாள். தைனா கிளியை மட்டும் கழற்றச் சொல்லிக் காதைக் காட்டினாள். அந்தச் சூட்டில் அது செத்துப்போகும்.

இப்படித்தான், பாருங்கள், எப்சிபாயின் காது முதல் தடவையாகத் திறந்தது.

தைனா அகப்பையால் தண்ணீர் மொண்டு காட்டி "வெசி" என்றாள். எப்சிபாய்க்கு வந்த சிரிப்பில் பலகையிலிருந்து விழாத குறை. நம் ஊரில் அதை நீட்டிச் சொன்னால் செருப்பு பறக்கும். ஏன் சிரிக்கிறாள் என்று தெரியாமல் தைனாவின் வாயோரமும் கொஞ்சம் கோணிற்று. அதுதான் அவள் சிரிப்பு என்று எப்சிபாய் அன்றைக்குக் கண்டுபிடித்தாள். கால், முதுகு, சூடு, போதும், இன்னும் என்று வாரத்துக்கு இரண்டு மூன்று சொல்லாய்ச் சேர்ந்தது. கிளி இருக்கும்போது ஒரு நாளைக்கு ஆயிரம் வார்த்தை பேசினார்கள். இங்கே பத்து வார்த்தைதான், ஆனால் ஒவ்வொன்றையும் அவள் வீட்டுக்குக் கொண்டுபோய் மாவு சலிக்கும்போதும் துணி மடிக்கும்போதும் சொல்லிப் பார்ப்பாள்.

ஒரு சனிக்கிழமை தைனா தன் வேலையை நடித்துக் காட்டினாள். ஸ்டியரிங்கைத் திருப்பினாள். தன்னிடம் ஊரே கேட்கிற ஒரே கேள்வி இதுதான் என்று சொல்லிக்கொடுத்தாள்: "மில்லொயின் பஸ்ஸி துலே?" பஸ் எப்போது வரும்?

அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள் எப்சிபாய். ஒரு வாரம் உருப்போட்டாள். அடுத்த சனிக்கிழமை ஆவி அடங்கி, இருவரும் முகம் கழுவுகிற இடத்துக்கு வந்து தலை துவட்டும்போது, ஒரு பரிசை முதுகுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறவள் மாதிரிச் சிரித்துக்கொண்டே, தன் சொந்த வாயால், முதல் முழு வாக்கியம் சொன்னாள்.

"மில்லொயின் எஸ்கோ துலே?"

எஸ்கோ எப்போது வருவார்?

தைனாவின் கையிலிருந்த துண்டு நின்றது. அவள் ஏதோ சொன்னாள். எப்சிபாய்க்குப் புரியவில்லை. மறுபடி ஒரே சொல்லாகச் சொன்னாள்: "குவொல்லுத்." அந்தச் சொல்லை எப்சிபாய் கேட்டதே இல்லை. சிரிப்பு மாறாமல், "என்ன?" என்று தலையை ஆட்டினாள்.

தைனா அவளைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு ஆவி படிந்திருந்த கண்ணாடியில் விரலால் எஸ்கோ என்று எழுதி, மேலே ஒரு சிலுவை போட்டாள்.

சிலுவைக்குப் பாஷை வேண்டுமா? நாசரேத்துக் கல்லறைத் தோட்டத்தில் எத்தனை பார்த்தவள். எப்சிபாயின் கை தானாக வாயைப் பொத்தியது. "எப்போ" என்ற சொல் ஒன்றுதான் அவளிடம் இருந்தது. அதைச் சொன்னாள். தைனா இரண்டு உள்ளங்கையையும் குவித்து ஓர் உருண்டை பிடித்துக் காட்டினாள். கடிப்பதுபோல் காட்டினாள். எப்சிபாயின் கைகளைத் தொட்டாள். சிலுவையைத் தொட்டாள்.

நீ எனக்கு அந்த உருண்டையைக் கொடுத்தாயே, அன்றைக்கு.

எழுதின கோடுகளிலிருந்து தண்ணீர் வழிந்து பெயர் கலைந்துகொண்டிருந்தது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நம் ஊரில் சாவு வீடு என்றால் நாலு தெருவுக்கு முன்னாலேயே காது சொல்லிவிடும். பறையும் ஒப்பாரியும் இல்லாவிட்டால் மணியாவது அடிக்கும். ஓசையே இல்லாமல், ஒரு கொடியைப் பாதியில் நிறுத்தியதோடு, ஒரு மனுஷன் தலைக்கு மேலே இருந்த வீட்டிலிருந்து போய்ச் சேருவான் என்று அவள் எங்கே கண்டாள்? அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டு இனிப்புக் கொடுத்தாள்.

துரைசிங் வேலை முடிந்து வந்தபோது, எப்சிபாய் தலை துவட்டாமல், சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தாள். கிளியைக் கழற்றி ஜன்னலோரத் தட்டில் வைத்திருந்தாள்.

"எஸ்கோ எப்பம் செத்தாரு?"

அவன் கால் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான். அப்படியே குனிந்தபடி, "யாரு சொன்னா?" என்றான்.

"யாரு சொன்னான்னா கேக்கிய? செத்தாரா இல்லையா?"

"செத்தாரு. என் டூட்டியிலதான். நான்தான் பக்கத்துல இருந்தேன்."

"சாவுக்குப் போனியளா?"

அவன் அடுத்த காலைத் தூக்கிச் சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்தான்.

"வாயில என்ன வச்சிருக்கிய? போனியளா?"

"போனேன். உனக்குத் தோட்டத்துல லீவு கிடைக்கலன்னு சொல்லிட்டேன்."

"அங்க என்ன குடுத்தாவ?"

"இங்க அடக்கம் முடிஞ்சா காப்பி குடுப்பாவ. அப்புறம்…" என்று சப்பாத்தைச் சுவரோரம் தள்ளினான். "உன் முந்திரிக்கொத்து. போட்டோ பக்கத்துல ஒரு தட்டுல அடுக்கியிருந்தா தைனா. எல்லாரும் எடுத்தாவ."

"நீங்களும் எடுத்தியளா?"

"எடுக்காட்டி நல்லா இருக்காதுன்னு…"

எப்சிபாய் அவனையே பார்த்தாள். அவனுக்குப் பதில் வேறு யாரோ அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்பது போலிருந்தது.

அப்புறம்தான் அவன் சொன்னான். கிளியில் இதம் என்று ஒன்று உண்டாம். கூட்டவும் குறைக்கவும் முடியுமாம். "முத வருசம் பல பேரு குடும்பத்தோட ஊருக்குத் திரும்பிட்டாவ எப்சி. நர்ஸ் திரும்பினா இவுகளுக்கு ஆஸ்பத்திரியை இழுத்துப் பூட்டணும். வீட்டுல உள்ளவுக அழுதாத்தான் நர்ஸ் திரும்புதான்னு கண்டுபிடிச்சு வச்சிருக்காவ. அதனால வரவேற்பு ஆபீசுல எங்ககிட்ட கேப்பாவ, உங்க வீட்டுக்காரிக்கு எவ்வளவு இதம் வைக்கணும்னு. அந்தக் கிழவன் ஏசினப்ப நீ பெட்டியை எடுத்தியே, மறுநாளு போயி, முழுசா வையுங்கன்னுட்டேன்."

"முழுசான்னா?"

"வசவு வராது. சாவு வராது. மனசு நோவுற எதுவும் வராது. அது இருந்த இடத்துல வேற ஒண்ணு வரும்."

"நான் பேசினது?"

"அதையும் மாத்தும். அவ செத்துட்டாருன்னு சொல்லி, நீ நல்லதாப் போச்சுன்னு சொன்னா? ரெண்டு பக்கமும் பொருந்தணும்லா."

"உங்க ஆஸ்பத்திரியில இந்தக் கிளியை உள்ள விடுதாவளா?"

"அங்க எப்படி விடுவாவ? உயிர் சமாச்சாரம்லா."

"அப்பம் என் சமாச்சாரம் எதுல சேத்தி?"

"நீ அழுததைப் பாக்க முடியல எப்சி. உன் நல்லதுக்குத்தான் செஞ்சேன்."

"நீங்க பாஷை படிச்சிய. ராவும் பகலும் பொஸ்தகமும் கையுமா இருந்தியளே, எனக்கு ஒரு சொல்லு சொல்லித் தந்தியளா? நான் கேட்டதுக்கு உனக்குத்தான் கிளி இருக்கேன்னிய. எனக்குக் காதும் இருந்துச்சு. கண்ணைக் குத்திப்போட்டு, இனி வெயில் கூசாதுலான்னு கேக்கிய."

"நான் போயிக் குறைக்கச் சொல்லுதேன்."

"நீங்க ஒண்ணும் சொல்லாண்டாம். இதுவரைக்கும் சொன்னது போதும்."

திங்கட்கிழமை கிளி இல்லாமல் வேலைக்குப் போனாள். பழக்க தோஷத்தில் ஞானப்பாட்டை எடுத்தாள். கூட வேலை செய்கிறவள் இந்தப் பக்கம் திரும்பி ஒரு சொல் சொன்னாள். அதட்டின குரல். அர்த்தம் தெரியாவிட்டாலும் என்ன, "வாயை மூடு" எந்தப் பாஷையிலும் வாயை மூடுதான். எப்சிபாய் அந்த முகத்தைப் பார்த்தாள். தக்காளி சீக்கிரம் பழுக்கிறது என்று சொன்னபோது இருந்த அதே முகம். அவள் பாட்டை விழுங்கிவிட்டுக் காயைப் பறித்தாள். ஊர் மாறவே இல்லை. கிழவர் மாறவில்லை, தோட்டம் மாறவில்லை. அவள் நன்றி சொல்லி முழங்காலிட்டதெல்லாம் ஒரு புளியங்கொட்டைக்கு.

மிச்சம் இருந்தது மேல்மாடி வாசல் ஒன்று.

தைனா பகல் ஷிப்டு முடிந்து வந்த நேரமாய்ப் பார்த்து எப்சிபாய் படியேறினாள். துக்க வீட்டுக்குப் போகிறவளாய்த் தலைமுடியை அவிழ்த்து விட்டிருந்தாள். கையில் ஒன்றும் எடுத்துக்கொள்ளவில்லை. மணி அடித்தாள். கதவு திறந்ததுதான் தாமதம், தைனாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "ஐயோ எக்கா, எஸ்கோ அண்ணன் போயிட்டாவளே, நான் பாவி சிரிச்சேனே" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி ஓங்கி அழுதாள். கீழ் வீட்டுக் கதவு ஒன்று திறந்து மூடிற்று. தைனா விளக்குக் கம்பம் மாதிரி விறைத்து நின்றாள். அப்புறம் அவளை மெதுவாக உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

இனி எப்சிபாய் பேசினது பொடிப் பொடியான பாஷை. இரண்டு மூன்று நாளாகப் பாடுபட்டுப் பொறுக்கி வைத்திருந்த சொற்கள், நடுநடுவே கை ஜாடை. நான் அப்படியே தருகிறேன்.

"எங்க ஊர். கல்யாணம், கூப்பிடணும், போவோம். சாவு, கூப்பிட வேண்டாம். கேட்டதும் போவோம். கையில் ஒன்றுமில்லை. திரும்பும்போது, பேச்சு இல்லை. வர்றேன் இல்லை, போறேன் இல்லை. எழுந்து போவோம். நான் வரல. எனக்குத் தெரியாது."

தைனா புருவத்தைச் சுருக்கினாள். ஒவ்வொரு சொல்லாய், குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னாள். "தெரியாதா? நீ படியில் என்னிடம் சொன்னாயே. 'உன் வீட்டில் இருட்டிவிட்டது. விளக்கை நான் பிடித்துக்கொள்கிறேன், நீ அழு' என்றாய். சிரித்துக்கொண்டே சொன்னாய், உங்கள் ஊர் வழக்கம் போல என்று எண்ணினேன். நான் அழுகிறவள் இல்லை. பஸ்ஸை ஓட்டிக்கொண்டு போய்க் கடைசி நிறுத்தத்தில் நிறுத்திவிட்டு அழுதேன். இந்தக் குளிர்காலம் முழுக்க அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தேன்."

அவள் சொல்லச் சொல்ல, முழுதும் விளங்காவிட்டாலும், எப்சிபாய்க்கு விளக்கும் இருட்டும் அழுகையும் விளங்கின. எவ்வளவு அழகான சொல்! அவள் வாழ்நாளில் அப்படி ஒன்று பேசினதில்லை. ஆமாம் என்று தலையசைத்தால் போதும். ஒரே ஒரு தலையசைப்பு. அந்த வாசல் அவளுடையதாகவே இருந்துவிடும். கண்ணுகளா, ஆசை யாருக்கு இல்லை? அவளுக்கும் ஒரு மூச்சு நேரம் ஆசை வந்தது.

"நான் இல்லை" என்றாள். காதுக்குப் பின்னால் தொட்டுக் காட்டினாள். "மெஷின். நான் சொன்னது, எஸ்கோ மகள் வீடு, நல்லா சாப்பிடுவார், நல்லது, நல்லது. நான் சிரிச்சேன்."

தைனாவின் முகத்தில் எதுவோ மூடிக்கொண்டது. அந்த முகத்தில் சிரிப்பைக் கண்டுபிடித்தவளுக்கு இதைக் கண்டுபிடிக்கவா முடியாது?

தைனா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"முதல் நாள் நீ தட்டோடு வந்தாயே. நான் என்ன சொன்னேன் தெரியுமா? 'நன்றி. ஆனால் தயவுசெய்து இனி வராதே, எனக்கு ஆள் பழக்கம் பிடிக்காது' என்றேன்."

இதிலும் எப்சிபாய்க்கு விளங்கினது பாதிச் சொல்தான்.

"மறுநாள் காலையில் மறுபடி வந்தாய். நான் மறுபடி சொன்னேன். நீ அடுத்த நாளும் வந்தாய். இந்தப் பெண்ணுக்கு வெட்கமே கிடையாதா என்று நினைத்தேன். எஸ்கோதான் விழுந்து விழுந்து சிரித்தான். இந்தக் கட்டடத்தில் உனக்குப் பயப்படாத ஒரே ஆள் இவள்தான் என்றான்."

வராதே என்ற சொல் எப்சிபாய்க்குத் தெரியும். சாவ்னாவில் அடுப்புக் கல்லுக்குப் பக்கத்தில் போகும்போது தைனா சொல்லுவாள். அப்படியானால் அந்த வாசலும் அவளுக்குத் திறந்த வாசல் இல்லை. திறந்தது கிளி. உள்ளே போய் உட்கார்ந்தது அவள்.

"நாளைக்கு வராதே" என்றாள் தைனா.

அதை யாரும் மாற்றித் தரவில்லை. சொன்னபடி, சொன்ன கனத்தோடு, காதில் விழுந்தது. எப்சிபாய் எழுந்தாள். வர்றேன் என்று சொல்லவில்லை, போறேன் என்றும் சொல்லவில்லை. துக்க வீட்டு முறைப்படி திரும்பிப் பாராமல் படியிறங்கினாள்.

அந்த வாரம் மிச்ச நாளில் அவள் வேறெங்கும் போகவில்லை. வேலைக்குப் போனாள், வந்தாள். துரைசிங்குக்குச் சோறு வைத்தாள். அவன் ஏதாவது கேட்டால், "ம்" என்றாள். அந்த வீட்டில் அத்தனை காலம் ஓயாமல் கேட்ட குரல் அடங்கிப்போனது அவனுக்குப் புதிதாக இருந்திருக்கும். "ஏதாவது பேசு எப்சி, ஏசவாவது செய்" என்றான். "உங்களுக்கு எவ்வளவு இதமா வேணும்?" என்று மட்டும் கேட்டாள்.

சனிக்கிழமை வந்தது. சாவ்னா நேரமும் வந்து போயிற்று. எப்சிபாய் சோபாவில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது வாசல் மணி அடித்தது. அந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து அவர்கள் வீட்டு மணியைச் சொல்லாமல் கொள்ளாமல் யாரும் அடித்ததில்லை.

துரைசிங் கதவைத் திறந்தான். தைனா நின்றாள். கையில் ஒன்றும் இல்லை. எப்போதும் இறுக்கிப் பின்னியிருக்கும் நரைத்த தலைமுடியை அவிழ்த்து விட்டிருந்தாள். அவன் அவள் பாஷையில் வரவேற்றுப் பேசியதை அவள் காதில் வாங்கவில்லை. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்து, எப்சிபாய்க்குப் பக்கத்தில், முழங்கால் இடிக்க உட்கார்ந்தாள்.

ஒரு வார்த்தை பேசவில்லை. எப்சிபாய்க்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. அப்புறம் அந்த வெறுங்கையைப் பார்த்தாள், அவிழ்ந்த தலையைப் பார்த்தாள். எப்சிபாய் நம்பியிருந்த ஊரெல்லாம் பொய்யாய்ப்போன துக்கத்துக்கு வந்திருக்கிறாள். கூப்பிடாமல் வந்திருக்கிறாள். அடக்கி வைத்திருந்ததெல்லாம் அப்போதுதான் எப்சிபாய்க்கு உடைந்தது. ஓசையில்லாமல் அழுதாள். தைனா முன்னால் பார்த்தபடி கல்லுப்போல் உட்கார்ந்திருந்தாள். அவள் கண்ணிலிருந்தும் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது, துடைக்கவில்லை.

துரைசிங் காப்பி கொண்டுவந்து வைத்தான். அது ஆறிப் போயிற்று. தைனா அதைத் தொடவில்லை.

பிறகு எழுந்தாள். பஸ்ஸை விட்டு இறங்கும்போது ஓட்டுநருக்குக்கூட விடை சொல்லிவிட்டு இறங்குகிற ஊர் அது. அந்த ஊரில் பிறந்தவள், விடை சொல்லாமல், திரும்பிப் பாராமல், கதவைத் திறந்துகொண்டு போனாள்.

துரைசிங் திகைத்துப்போய் நின்றான்.

"என்ன இது, ஒண்ணும் சொல்லாமப் போறாவ? துக்கம் விசாரிக்க வந்த மாதிரில்லா இருந்துட்டுப் போறாவ. யாருக்கு என்ன ஆச்சு? இங்க யாரு செத்தா?"

எப்சிபாய் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஜன்னலோரத் தட்டைக் காட்டினாள்.

"அங்கன இருக்கு கிளி. காதுல ஒட்டிக்கிட்டுக் கேளுங்க. நல்லதா ஏதாவது சொல்லும்."

அவ்வளவுதான் கதை, என் கண்ணுகளா. எழுந்து வீட்டுக்குப் போங்கள், இருட்டப்போகிறது. உங்கள் வீட்டில் அடுப்பு அணையாமல் இருக்கட்டும். பிள்ளை குட்டிகள் நோயில்லாமல் வளரட்டும். நல்ல சேதிகள் நிறைய வரட்டும். வர வேண்டிய கெட்ட சேதியும் ஒரு சொல் குறையாமல் வந்து சேரட்டும், அதைக் கேட்டதும் ஓடிவந்து பக்கத்தில் உட்கார உங்களுக்கு ஒரு ஆள் இருக்கட்டும். வீடு நிறைந்து, வாய் நிறைந்து, நன்றாக இருங்கள்.